பல மொழி எழுத்தாளரும் எழுத்துதவி மேசையும்: காவேரிப்பட்டினத்துப் பணிக்குறிப்புகள்

பல்கலைக்கழக எழுத்து மையம் என்று மேலைநாடுகளில் அழைக்கப்படுவது, மாணவர் தாம் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையையோ ஆய்வேட்டின் ஓர் இயலையோ கையில் எடுத்துக்கொண்டு வந்து, மதிப்பெண் போடும் அதிகாரம் எதுவும் இல்லாத ஒருவரோடு அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ உட்கார்ந்து பேசிவிட்டுப் போகும் இடமாகும். அங்கே பாடம் நடத்துவதில்லை, தேர்வு வைப்பதில்லை. மாணவர் கேட்டாலொழிய ஆசிரியருக்கு அறிக்கை அனுப்புவதும் வழக்கமில்லை. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்டான்லி 1934-இல் ஏற்படுத்திய எழுத்துக்கூடம் இவ்வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று. பர்டியூ பல்கலைக்கழகம் 1976-இல் தொடங்கிய கூடமோ, 1990களில் தன் பயிற்சித் தாள்களை இணையத்தில் ஏற்றியதால், மேற்கோள் குறிப்பு எழுதத் தெரியாமல் தவித்த பல நாட்டு மாணவருக்கும் பழக்கமான பெயராயிற்று. இந்தியாவில் சோனிபட்டிலுள்ள அசோகா பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் இத்தகைய மையங்கள் இயங்குகின்றன என்றாலும், தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களிலுள்ள கலைக் கல்லூரிகளில் இப்படியொரு மேசையைக் காண்பது அரிது.

அமெரிக்க மையங்களில் உதவியாளராக உட்கார்பவர்களில் பலர் முதுநிலை நல்கை பெற்றவர்கள். முதுநிலை நல்கை என்பது, முதுகலைப் பட்டமோ முனைவர் பட்டமோ படிக்கும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதந்தோறும் உதவித்தொகையும் கொடுத்து, பதிலுக்கு வாரத்தில் ஏறத்தாழ 20 மணி நேரம் வேலை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடாகும். மாணவர் விசாவில் வரும் வெளிநாட்டவர் பருவம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாதென்று அந்நாட்டு விதி இருப்பதால், அந்த எண் பல பேருக்கு உச்சவரம்பாகவும் அமைந்துவிடுகிறது. இந்நல்கைகளுள் சில, பல மொழி எழுத்தாளருக்கு உதவுவதற்கென்றே ஒதுக்கப்படுபவை. பல மொழி எழுத்தாளர் என்றால் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, ஆய்வேட்டில் இன்னொரு மொழி என்று வாழ்ந்து, கடைசி மொழியில் மட்டும் மதிப்பிடப்படுகிறவர் என்று கொள்ளலாம்.

இக்கட்டுரை பேசும் பணியனுபவம் இரண்டு மேசைகளைச் சேர்ந்தது. ஒன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அத்தகைய நல்கை பெற்றுச் செய்தது. மற்றொன்று, அப்பணியாளர் ஊர் திரும்பியபின், நல்கையும் பெயர்ப்பலகையும் இல்லாமல், காவேரிப்பட்டினத்தில் வீட்டு முன்னறையில் செய்து வருவது. முதல் மேசையில் கற்ற விதிகளுள் பாதி இரண்டாவது மேசையில் செல்லுபடியாகவில்லை. அதே நேரத்தில், இரண்டாவது மேசைக்கு வந்தவர்களைப் பார்த்தபின்புதான் முதல் மேசையின் உண்மையான வேலை எதுவென்று புலப்பட்டது. ஆய்வேட்டில் தெரியாமல் மறைந்து நிற்கும் மொழிகளை ஏட்டுக்குள் கொண்டுவருவதே அந்த வேலை என்பதும், ஆங்கிலத்தைச் சீராக்குவது அதற்கு அடுத்த படிதான் என்பதும் இக்குறிப்புகளின் துணிபு.

ஊரைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பூம்புகாரின் பழம்பெயரோடு குழப்பிக்கொள்ளும் வெளியூர்க்காரர்களுக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருப்பதுபோல, இந்தக் காவேரிப்பட்டினத்தில் காவிரி ஓடவில்லை. கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரி அணையைக் கடந்து வரும் தென்பெண்ணைதான் இங்கே ஆறு. சேலம் மாவட்டத்திலிருந்து 1965-இல் தர்மபுரியும், தர்மபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரியும் பிரிந்தபோது ஊர் இடம் மாறாமலே மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிட்டது. சேலத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையில் வடக்கே போகப்போக மொழி மாறிக்கொண்டே வரும். கிருஷ்ணகிரி நகரத்திலும் காவேரிப்பட்டினத்திலும் உருது பேசும் குடும்பங்கள் பல உண்டு. சூளகிரி, ஓசூர்ப் பக்கம் தெலுங்கும், தளி, அஞ்செட்டிப் பக்கம் கன்னடமும் வீட்டு மொழிகள். 1970களிலிருந்து சிப்காட் வளாகமும், பின்னர் டைட்டன், அசோக் லேலண்ட், டி.வி.எஸ். போன்ற தொழிற்சாலைகளும், அண்மையில் போச்சம்பள்ளிப் பக்கம் மின்வாகன ஆலையும் வந்தபின், ஒடியாவும் இந்தியும் அசாமியும் பேசும் தொழிலாளர் குடியிருப்புகளும் சேர்ந்துகொண்டன. இந்தப் பகுதியில் கள ஆய்வு செய்கிற எவரும், தாம் அறிந்தாலும் அறியாவிட்டாலும், பல மொழிகளில்தான் ஆய்வு செய்கிறார்.

மேசைக்கு எதிரே உட்கார்பவர் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவரை எப்படி அழைக்கிறார் என்பதிலிருந்தே பணி தொடங்கிவிடுகிறது. அமெரிக்க மையத்தில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லியே அழைத்தனர். ஒப்பானவர் இருவர் பேசுகிறார்கள் என்ற எண்ணத்தை உண்டாக்கவே அந்த வழக்கம். காவேரிப்பட்டினத்தில் அது நடவாது. முதல் நாள் ‘மேடம்’ என்று தொடங்கும் மாணவி, அந்த விளி இருக்கும்வரை, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி, தலையை ஆட்டி, எல்லாம் புரிந்ததென்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். இரண்டாம், மூன்றாம் சந்திப்பில் ‘அக்கா’ வந்த பிறகுதான் “அக்கா, இந்தப் பத்தி நான் எழுதல, சீனியர் தீசிஸ்ல இருந்து எடுத்தது” என்பது போன்ற, உதவிக்கு உண்மையில் வேண்டிய செய்திகள் வாயிலிருந்து வரும். அவ்விளி தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று வீட்டுக்கும் பொதுவாக இருப்பது எல்லைப்பகுதியில் ஒரு சௌகரியம்.

அமெரிக்க மையங்களின் தலையாய விதி, உதவியாளர் மாணவரின் தாளில் பேனா வைக்கக் கூடாது என்பதாகும். திருத்தித் தருவது மையத்தின் வேலையன்று என்றும், தாளைத் திருத்துவதைவிட எழுதுபவரை வளர்ப்பதே நோக்கம் என்றும் ஸ்டீபன் நார்த் 1984-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் வழியாக அந்தக் கொள்கை நிலைபெற்றது. கருத்து, வாதம், அமைப்பு ஆகியவற்றை மேல்நிலைச் சிக்கல்கள் என்றும், இலக்கணம், நிறுத்தக்குறி ஆகியவற்றைக் கீழ்நிலைச் சிக்கல்கள் என்றும் பிரித்து, மேல்நிலையை முடித்தபின்பே கீழ்நிலைக்கு இறங்க வேண்டுமென்பதும் பயிற்சியில் சொல்லித்தரப்படும். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த மாணவருக்கு இந்த ஒழுங்கு பொருந்தும். “இந்த வாக்கியம் உங்கள் காதுக்கு எப்படி ஒலிக்கிறது?” என்று கேட்டால், அவர் காது அவருக்குப் பதில் சொல்லிவிடும். காவேரிப்பட்டினத்திலிருந்தோ சியோலிலிருந்தோ வந்தவருக்கு அந்தக் காது இல்லை. இருப்பது விதிகளை மனப்பாடம் செய்த நினைவுதான். அவரிடம் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, அறிந்தவர் அறியாதவரிடம் விடையை மறைத்துவைத்து விளையாடுவதாகவே முடியும். விதி நல்ல நோக்கத்தோடு ஏற்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் பல மொழி எழுத்தாளர் “இந்த இடத்தில் எந்த முன்னிடைச்சொல் வரும்?” என்று நேராகக் கேட்டால் நேராகச் சொல்லிவிடுவதே மரியாதை என்பது இப்பணியில் கிடைத்த முடிபு. பல மொழி மாணவருக்கான கையேடுகளும் பிற்காலத்தில் ஏறத்தாழ இந்தத் திசையிலேயே இளகிவந்துள்ளன.

பிழையை எப்படிப் பார்ப்பது என்பதற்கு நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் அனுபவம் தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானது. அப்பல்கலைக்கழகம் 1970-இல் நகரத்தின் பள்ளியிறுதி முடித்த அனைவருக்கும் கதவைத் திறந்துவிட்டபோது, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஏழை மாணவர் ஏராளமாக உள்ளே வந்தனர். அவர்கள் எழுதியதைப் பார்த்த பேராசிரியர்கள், இவர்களுக்குக் கற்பிக்கவே இயலாது என்று கைவிரித்தனர். மினா ஷாக்னெசி என்ற ஆசிரியை மட்டும், ஏறத்தாழ 4,000 நுழைவுக் கட்டுரைகளை எடுத்துவைத்து, ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் ஒரு காரண ஒழுங்கு இருப்பதைக் காட்டி, 1977-இல் நூலாக்கினார். கவனக்குறைவு என்று ஒதுக்கப்பட்ட பிழைகளுட் பல, மாணவர் தாமாகக் கட்டிக்கொண்ட விதியொன்றின் ஒழுங்கான விளைவுகள் என்பது அவர் கண்டது. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆய்வேடுகளில் “தி ஃபார்மர்ஸ் ஆர் ஹேவிங்” என்று வினைகள் தொடர்வினையாகவே வருவது, ‘வைத்திருக்கிறார்கள்’, ‘சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற துணைவினைக் கட்டமைப்பின் நிழல். அதை ஒரு முறை இலக்கணமாகவே விளக்கிக் காட்டினால், தாள் முழுதும் உள்ள அந்தப் பிழையை மாணவர் தாமே தேடித் திருத்திவிடுகிறார். நாற்பது இடங்களில் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தால் நாற்பதோடு நின்றுவிடுகிறது.

வாக்கியத்துக்கு மேலே, பத்தியமைப்பில் வேறு சிக்கல். ராபர்ட் கேப்லன் 1966-இல், ஒவ்வொரு பண்பாட்டுக்கும் ஒரு சிந்தனை வடிவம் உண்டென்றும், ஆங்கிலம் நேர்க்கோடாகப் போகும்போது கீழை மொழிகள் சுற்றிச் சுற்றி வருமென்றும் படம் வரைந்து காட்டினார். அந்தப் படங்கள் வசதியாக இருந்ததால் பல்லாண்டு காலம் பயிற்சி வகுப்புகளில் புழங்கின. அவற்றை மறுத்தவர்களுள் தமிழர் ஒருவர் முதன்மையானவர் என்பது தமிழ்நாட்டில் போதிய அளவு அறியப்படாத செய்தி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, போர்க்காலத்தில் 1994-இல் வெளியேறி, பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா, மின்சாரமும் தாளும் அஞ்சலும் தட்டுப்பாடாயிருந்த யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கட்டுரையை மேலைநாட்டு ஆய்விதழுக்கு அனுப்புவது எத்தகைய பாடு என்பதைத் தம் 2002ஆம் ஆண்டு நூலில் விரிவாகப் பதிவு செய்தார். அறிவுக்குறையல்ல, தாட்குறையும் இதழ்க்குறையுமே பல கட்டுரைகளை வாசலிலேயே நிறுத்தின என்பது அவர் கட்சி.

அவர் 2006-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை எழுத்துதவிப் பணிக்கு நேரடியாகப் பயன்படுவது. அதில் அவர் எடுத்துக்கொண்டவர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. சிவத்தம்பி உள்ளூர் வாசகருக்குத் தமிழில் எழுதிய ஆய்வுக்கட்டுரையையும், உள்நாட்டு வாசகருக்கு ஆங்கிலத்தில் எழுதியதையும், வெளிநாட்டு இதழுக்கு ஆங்கிலத்தில் எழுதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, கட்டுரையின் அமைப்பைத் தீர்மானித்தது மொழியைக் காட்டிலும் வாசகர் யார் என்பதே என்று புலப்பட்டது. தமிழர் சுற்றிவளைத்து எழுதுவார் என்ற பழைய படம், ஒரே தமிழர் மூன்று வகையாக எழுதும்போது உடைந்துபோகிறது. எழுத்து மையத்தில் இதன் பயன் என்னவென்றால், மாணவரிடம் “உங்கள் எழுத்து தமிழ்த்தனமாக இருக்கிறது” என்று சொல்வதை விட்டுவிட்டு, “இதை யார் படிக்கப்போகிறார்?” என்று கேட்கலாம். முதல் கூற்றுக்கு மாணவர் வெட்கப்படுகிறார். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடுகிறார்.

காவேரிப்பட்டினத்து மேசைக்கு வருவோர் பெரும்பாலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குட்பட்ட கல்லூரிகளில் பதிவு செய்த ஆய்வாளர்கள், முதுகலைத் திட்டக் கட்டுரை எழுதுபவர்கள், பெங்களூருக்குப் படிக்கப் போய் வார இறுதியில் திரும்புகிறவர்கள். அவர்களுக்கு இதுவரை எழுத்துதவி இல்லாமல் இருந்ததாகச் சொல்ல முடியாது. பேருந்து நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையும், டி.டி.பி. சென்டரும், நகரத்து ப்ராஜெக்ட் சென்டரும் அந்த வேலையைக் காலங்காலமாகச் செய்துவருகின்றன. தட்டச்சு, அச்சு, ஸ்பைரல் பைண்டிங் ஆகியவற்றோடு ‘கரெக்‌ஷன்’ என்ற ஒரு சேவையும் பக்கக் கணக்கில் விற்கப்பட்டு வந்தது. அதை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் சினாப்சிஸ் கொடுக்க நாலு நாள் இருக்கும்போது, கைடு தொலைபேசியை எடுக்காதபோது, இரவு பத்து மணிக்கும் கதவைத் திறந்துவைத்திருப்பது அந்தக் கடைதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடையில் இல்லாதது ஒன்றே: மாணவர் என்ன சொல்ல வந்தார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, கேட்க நேரமும் இல்லை. நல்கை என்பது சாராம்சத்தில் அந்தக் கேள்விக்கான நேரத்தைக் காசு கொடுத்து வாங்கி வைப்பதே.

அந்த நேரம் எப்படிச் செலவாகிறது என்பதற்கு ஒரு சந்திப்பை அருகிலிருந்து பார்க்கலாம். பொருளியல் மாணவி ஒருத்தி மாங்கூழ் ஆலைகளுக்குப் பழம் கொடுக்கும் விவசாயிகளைப் பற்றிய இயலொன்றைக் கொண்டுவந்தாள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கூழ் ஆலைகளுக்குப் போவது பெரும்பாலும் தோத்தாபுரி, ஊர்வழக்கில் பெங்களூரா. இயலின் முதல் மூன்று பக்கங்கள் மாம்பழத்தின் தாவரப் பெயர், இந்தியாவின் உற்பத்தி, மாவட்டத்தின் மழையளவு, மண் வகை என்று போயின. எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் வேறு ஆய்வேடுகளின் சாயலில். பணியாளர் மடிக்கணினியை மூடச் சொல்லிவிட்டு, காவேரிப்பட்டினத்தின் பெயர்போன நிப்பட்டை நடுவில் வைத்து, “உங்க ஊர்ல போன சீசன்ல என்ன நடந்தது, சொல்லு” என்று மட்டும் கேட்டார். மாணவி தமிழில் சொன்னது இவ்வளவு: ஆலைக்காரர்கள் விலையைச் சொல்வதற்குள் காய் மரத்தில் முற்றிவிடுகிறது; முற்றிய காயை வைத்திருக்கக் கிடங்கு இல்லை; மண்டிக்காரர் முன்பணம் கொடுத்தவர் என்பதால் அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டியிருக்கிறது; ஆட்சியர் அலுவலகத்தில் முத்தரப்புக் கூட்டம் போட்டு விலை பேசினாலும் அதற்குள் பாதிக் காய் கைமாறிவிடுகிறது.

இதில் ஒரு வாதம் முழுதாக இருக்கிறது. விலை எவ்வளவு என்பதைவிட விலை எப்போது அறிவிக்கப்படுகிறது என்பதே விவசாயியின் பேரவலிமையைத் தீர்மானிக்கிறது என்பதுதான் அது. எழுதிய இயலில் இந்தச் செய்தி பதினோராம் பக்கத்தின் அடியில், ஓர் அட்டவணைக்குக் கீழே, செயப்பாட்டுவினையில், அரை வாக்கியமாகக் கிடந்தது. சொன்னதைக் கைப்பேசியில் பதிவு செய்து, தமிழிலேயே ஒரு பத்தியாக எழுதி, அந்தப் பத்தியை இயலின் முதலில் வைத்து, பிறகு ஆங்கிலத்துக்குப் போனபோது, மழையளவும் மண் வகையும் தாமாகவே பின்னுக்குப் போயின; சில தேவையற்றுப் போயின. அந்தச் சந்திப்பில் இலக்கணத்தைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. அடுத்த சந்திப்பு முழுதும் இலக்கணமே.

முன்னுரை எழுதுவதில் திணறும் மாணவருக்கு, அதிலும் தமிழிலக்கியம் படித்துவிட்டு வேறு துறைக்கு வந்தவருக்கு, ஆங்கிலக் கையேடுகளைவிட நன்னூற் பாயிரம் விரைவாகக் கைகொடுக்கிறது என்பது எதிர்பாராமல் கிடைத்த பயன். கங்க மரபினனான சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூலின் பாயிரம், ஒரு நூலின் சிறப்புப்பாயிரத்தில் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்ற எட்டும் விளங்க வேண்டுமென்று வகுக்கிறது. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உண்டு. வழி என்பது இந்நூல் எந்த முன்னூலைத் தொடர்கிறது என்பது. ஆய்வேட்டில் அதற்கு முந்தைய ஆய்வுகளின் மதிப்பீடு என்று பெயர். நுதலிய பொருள் ஆய்வுப்பொருள். எல்லை, களம், காலம் மூன்றும் ஆய்வெல்லை. பயன் ஆய்வின் பயன். கேட்போர் என்ற உறுப்பு மட்டும் இன்றைய பல்கலைக்கழகப் படிவங்களில் இல்லை. சிவத்தம்பியின் மூன்று கட்டுரைகளைப் பிரித்தது அந்த உறுப்பே என்பதைப் பார்க்கும்போது, படிவம் போட்டவர்கள் விட்டுவிட்டது முக்கியமானதைத்தான் என்று தோன்றுகிறது. இந்தப் பொருத்தத்தை அளவுக்கு மேல் இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. பாயிரம் நூலை அறிமுகப்படுத்துவது, ஆய்வு முன்னுரை ஒரு கேள்வியை எழுப்புவது. எனினும், முன்பே பாயிரம் கேட்டு வந்த மாணவருக்கு, தாம் ஒன்றும் தெரியாமல் வரவில்லை என்று உணர்த்த இது போதும்.

இனி மறைந்து நிற்கும் மொழிகளைப் பற்றி. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த வணிகவியல் ஆய்வாளர் ஒருவரின் வீட்டு மொழி தெலுங்கு. அதை எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிப்படிப்பு தமிழ் வழி. ஆய்வேடு ஆங்கிலம். பெண் தொழிலாளரின் சேமிப்புப் பழக்கம் பற்றிய அவருடைய வினாப்பட்டியல் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. ஆனால் கேள்விகளைக் கேட்டது தெலுங்கிலும் தமிழிலும் உடைந்த கன்னடத்திலும். பதில்களைக் குறித்துக்கொண்டது தமிழில். அட்டவணைக்கு ஏற்றியது ஆங்கிலத்தில். ஆய்வுமுறை இயலிலோ, கட்டமைக்கப்பட்ட வினாப்பட்டியல் வழியாகத் தரவுகள் திரட்டப்பட்டன என்ற ஒரே வாக்கியந்தான் இருந்தது. ஏன் அந்த மொழிப் பயணத்தை எழுதவில்லை என்று கேட்டதற்கு, “அதெல்லாம் எழுதினா குறைன்னு நினைப்பாங்கக்கா” என்று பதில் வந்தது.

இந்தப் பதில் ஒருவருடையது மட்டும் அன்று. எல்லைப்பகுதியிலிருந்து வரும் ஆய்வேடுகளைப் புரட்டினால், ஏறத்தாழ எல்லாவற்றிலும் களம் ஒரே மொழி பேசுவதாகவும், அந்த மொழி ஆங்கிலம் எனவும் தோன்றும்படி இருக்கும். சேமிப்பு என்று கேட்டபோது சீட்டுப் பணத்தையும் காதில் போட்டிருக்கும் தோட்டையும் சேர்த்துச் சொன்னார்களா, வங்கிக் கணக்கை மட்டும் சொன்னார்களா என்பது, எந்த மொழியில், எந்தச் சொல்லால் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது. அட்டவணையிலுள்ள எண்ணின் பொருளே அதில் தங்கியிருக்கிறது. ஆகவே மொழிப் பயணத்தை எழுதுவது நேர்மைக்காக மட்டும் செய்யும் காரியமன்று, முடிவின் நம்பகத்தன்மைக்கே அது தேவை. அவ்வாய்வாளர் இறுதியில் ஒன்றரைப் பக்கம் எழுதினார்: எந்தக் கேள்வி எந்த மொழியில் கேட்கப்பட்டது, எந்தச் சொல்லுக்குப் பதில்கள் சிதறின, அப்போது என்ன செய்தார் என்று. ஆய்வேட்டிலேயே அவருடைய ஆங்கிலம் மிகத் தெளிவாயிருந்த ஒன்றரைப் பக்கமும் அதுவே. தாம் மட்டுமே அறிந்த செய்தியைச் சொல்லும்போது எவருக்கும் இரவல் வாக்கியம் கிடைப்பதில்லை.

இரவல் வாக்கியத்தைப் பற்றிய அச்சம் இன்று ஆய்வுலகை ஆள்கிறது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஆய்வேட்டின் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்றும், 10-க்கு மேல் 40 வரை எனில் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும் என்றும், 40-க்கு மேல் 60 வரை எனில் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாதென்றும், அதற்கும் மேலெனில் பதிவே இரத்து என்றும் படிநிலை வகுத்துள்ளது. 2019 முதல் சோத்சுத்தி என்ற திட்டத்தின் வழியாக ஒப்புமை காட்டும் மென்பொருள் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. ஒழுங்குமுறையின் நோக்கம் சரியே. ஆனால் மாணவருக்குப் போய்ச் சேர்ந்தது அந்தப் பத்து என்ற எண் மட்டும். பேராசிரியரிடம் போகும் முன்பே கடையில் ‘பர்சன்டேஜ் குறைக்க’க் கொடுக்கிறார்கள், கடைக்காரர் மென்பொருளில் போட்டுச் சொற்களை மாற்றித் தருகிறார். இதன் விளைவை உலக அளவில் 2021-இல் கபனாக், லாபே, மகசினோவ் ஆகிய மூவர் அம்பலப்படுத்தினர்: ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘கவுன்ட்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்’ என்று அச்சாகியிருந்த அறிவியல் கட்டுரைகளை அவர்கள் பட்டியலிட்டு, சித்திரவதைக்குள்ளான தொடர்கள் என்று பெயரிட்டனர். அத்தகைய தொடர்கள் காவேரிப்பட்டினத்து மேசைக்கும் வந்திருக்கின்றன. மாணவர் முதலில் எழுதிய பிழையுள்ள வாக்கியத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் திரும்ப வைப்பதே அப்போது செய்யக்கூடிய மிகச் சிறந்த திருத்தம்.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் அந்தக் கடையின் ‘கரெக்‌ஷன்’ வணிகம் படுத்துவிட்டது. மாணவர் கொண்டுவரும் ஆங்கிலத்தில் இப்போது பிழை இல்லை. மாங்கூழும் இல்லை, மண்டிக்காரரும் இல்லை. எந்த மாவட்டத்தின் எந்தப் பயிருக்கும் பொருந்தும்படியான வழவழப்பான பத்திகள் வருகின்றன. கீழ்நிலைச் சிக்கல்களைப் பொறி பார்த்துக்கொள்ளும் என்றால், எழுத்துதவியாளருக்கு மிஞ்சுவது, “போன சீசன்ல என்ன நடந்தது?” என்ற கேள்வியும் அதற்கான பதிலைப் பொறுமையாகக் கேட்பதும். சில சந்திப்புகளில், பொறி எழுதிய பத்தியை மாணவரிடமே உரக்கப் படிக்கச் சொல்லி, எந்த வரி அவருடைய களத்திலிருந்து வந்தது என்று அடையாளமிடச் செய்வதுண்டு. பலர் முதல் பக்கத்தில் ஒரு வரியையும் கோடிடாமல் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

இந்த மேசையை ஒரு கல்லூரிக்குள் போடுவதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. மானியக்குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறை, ஆய்வாளர் எத்துறையினராயினும் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டுமென்று சொல்வதோடு, வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் வரை அவர்களைக் கற்பித்தல் உதவிப் பணியில் ஈடுபடுத்தலாமென்றும் இடம் கொடுத்திருக்கிறது. அமெரிக்க நல்கையின் 20 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனாலும் மூன்று ஆய்வாளரின் மணிகளைச் சேர்த்தால் ஒரு துறைக்கு வாரம் முழுதும் மாலைநேரத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க முடியும். அம்மணிகள் இப்போது பெரும்பாலும் தேர்வறைக் கண்காணிப்பிலும் விடைத்தாள் கட்டுவதிலும் போகின்றன. தெலுங்கும் உருதும் கன்னடமும் வீட்டில் பேசுகிறவர்களை அப்பணிக்குத் தேடிப் பிடிப்பதும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சிரமமான காரியமல்ல. வருகைப் பதிவேட்டிலிருந்தே பெயர்களை எடுக்கலாம். சிரமமானது, மாலை நான்கு மணிக்குப் பின்னும் பூட்டாமல் விடக்கூடிய ஓர் அறையும், மாணவர் அங்கே பேசியது நெறியாளர் காதுக்குப் போகாதென்ற உறுதியும்.